வால் முழுக்க ஓட்டை

போன ஞாயிறு, இங்கே டென்மார்க்கில், ஸ்கீவ நகரப் பக்கம் போனபோது மழை பிடித்துக்கொண்டது. நானும் மகளும் ஒரு சின்ன நூதனசாலைக்குள் ஒதுங்கினோம். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் துருப்பிடித்த உருளை ஒன்று; வால்பக்கம் சுற்றிவர ஓட்டைகள். இது என்ன என்று மகள் டெனிஷில் கேட்டாள். எழுதியிருந்ததை வாசிக்காமலே சொன்னேன்: "புகைக்குண்டு. ஜெர்மன்காரன் பிளேனில இருந்து போட்டது." ஓய்வெடுக்கும்வரை தொழிற்சாலையில் நின்ற அப்பாவுக்கு இது எப்படித் தெரியும் என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

ஈர இரும்பின் மணம் தெரியும்தானே உங்களுக்கு? இங்கே வந்த புதிதில் நான் வேலை செய்த பழைய இரும்புக் கொட்டிலில் நாள் முழுக்க அதே மணம்தான். கூட வேலை செய்தவர் குணம் அண்ணை, பருத்தித்துறைக்காரர், என்னைவிட நாலு வயது மூப்பு. லொறியில் வருவதை இரும்பு வேறு, பித்தளை வேறாகப் பிரிப்பது எங்கள் வேலை. அவருக்கோ, கையில் எடுத்த சாமான் முற்பிறப்பில் என்னவாக இருந்தது என்று தெரிந்தாக வேண்டும். தையல் மெசின் கால், கப்பல் பிணைச்சல் என்று பெயர் சொல்லித்தான் எறிவார். பாதி பிழையாக இருக்கும், அது வேறு கதை.

ஒருநாள் ஃபியோர்டுக் கடற்கழிக் கரைப் பண்ணை ஒன்றைத் துப்புரவாக்கிய லொறியில் இதே மாதிரி ஓட்டை உருளையொன்று வந்தது.

"அண்ணை, குண்டோ?"

"உனக்கென்ன விசரே? நான் பாக்காத குண்டே? குண்டெண்டால் தோல் மொத்தமா இருக்கும். இது ஓட்டை. பால்காரன்ர சாமான்."

சொல்லி வாய் மூடவில்லை, முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு "பொம்ப!" என்று டெனிஷில் கத்தினார்.

டெனிஷ்காரர் எல்லோரும் றோட்டுக்கு ஓடினார்கள். நாங்கள் இருவரும் குப்புற விழுந்து படுத்தோம், அந்தச் சாமானுக்கு இரண்டு முழம் தள்ளி, காதைப் பொத்தி, வாயைத் திறந்துகொண்டு. குண்டுபோடுகிற பொம்மர் வந்தால் ஓடாதே, படு என்பதுதான் ஊரில் நாங்கள் பழகியது. மேலேயிருந்து விழுகிற குண்டுக்கு அது சரி. பக்கத்தில் கிடக்கிற குண்டுக்கு அதைவிட மடைத்தனம் கிடையாது. வாய்க்குள் எண்ணெய்ச் சேறு போக, நான் தலையை நிமிர்த்தினேன். குணம் அண்ணையின் கை பிடரியில் விழுந்து அமத்தியது.

"நிமிராதை! என்ர தம்பியும் இப்பிடித்தான் நிமிர்ந்து பாத்தவன்!"

அவருடைய தம்பி செத்த விதம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முதலாளி றோட்டில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்ட பிறகே எழும்பி ஓடினோம்.

மத்தியானம் குண்டு அகற்றும் படையிலிருந்து செம்பட்டைத் தலைமுடியோடு ஒரு பெண் வந்தார். அளந்தார், படம் எடுத்தார், தடித்த புத்தகமொன்றை நெடுநேரம் புரட்டினார். அபூர்வமான சாமானாம், அவரே படத்தில் மட்டும்தான் கண்டிருக்கிறாராம். சிதறடிக்க அல்ல, அந்த ஓட்டைகளால் புகை கக்கச் செய்ததாம். உள்ளே மருந்து மிச்சமிருந்தால் இன்னும் ஆபத்துத்தான் என்றும் சொன்னார். குணம் அண்ணைக்கு டெனிஷ் அவ்வளவாக ஓடாது. என் கையைச் சுரண்டினார்.

"புகை என்னத்துக்காம்?"

"கீழ நிக்கிறவையை மறைக்கவாம்."

"திருப்பிக் கேள்."

திருப்பிக் கேட்டேன். அதே பதில்தான்.

"பிளேனில இருந்து இப்பிடியும் ஒண்டு போடலாமோ?" என்றார். பிறகு ஒரு கிழமையாக என்னை விடவில்லை. புகை எவ்வளவு நேரம் நிற்கும்? காற்றடித்தால் கலையுமோ? ஒரு வீட்டையும் வளவையும் மூடுமோ? அவர் மனதுக்குள் மூடிப் பார்த்தது ஊரில் எந்த வளவை என்று விளங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தக் கொட்டில் இப்போது கார் நிறுத்துமிடம். குணம் அண்ணை போய்ச் சேர்ந்து மூன்று வருடம். மழை விட்டு நாங்கள் வெளியே வந்தபோது ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்தது. மகள் நிமிர்ந்து பார்த்தாள். நானும் நிமிர்ந்து பார்த்தேன். பிடரியில் கை விழவில்லை.