லூர்துராஜ் கிணற்றில் விட்ட ஆமை

பூதலூர் அமலிக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. பூனை குறுக்கே போனால் பூனைக்கு ஏதோ வேலை இருக்கும் என்பாள். ஆனால் ஐந்து வருஷமாகக் காலையில் எழுந்ததும் அவள் பார்ப்பது மாதா படத்தை அல்ல, கைப்பிடிச் சுவரில்லாத கொல்லைக் கிணற்றை.

தொண்ணூற்று மூன்றில் மஸ்கட்டுக்குக் கொத்து வேலைக்குக் கிளம்பிய அன்று, தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று அவள் கணவன் லூர்துராஜ் அதில் ஓர் ஆமையை விட்டான். அழுதவளைச் சிரிக்க வைக்க, "இது இருக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது புள்ள" என்றான். அவள் சிரிக்கவில்லை. ஆமைக்கு அப்போதே என்ன வயது என்று கேட்கவும் தோன்றவில்லை.

பிறகு தோன்றியது, தோன்றியது போகவில்லை. பக்கத்து வீட்டு மாட்டுக்கு ஊசி போட வந்த டாக்டர் ஜெக்கரியாவை மடக்கினாள்.

"எந்த ஆமைம்மா? கடல் ஆமைன்னா அறுபது எழுபதுகூட இருக்கும். தரையில திரியுற கட்டாமை அம்பதைத் தாண்டும். தீவுல இருக்கிற ராட்சச ஆமை நூறுக்கும் மேல."

"கிணத்து ஆமைங்க."

"இருபது, இருபத்தஞ்சு. நல்லா வச்சுக்கிட்டா இன்னும் கொஞ்சம்."

"புடிக்கும்போதே இருபதா இருந்தா?"

டாக்டர் கை கழுவப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஆமைக்குக் கருவாட்டுத் தலை. அது ஒரு நாள் மேலே வராவிட்டால் அமலிக்குச் சோறு இறங்காது.

அந்த ஐப்பசியில் மழை கொட்டிக் கிணறு தளும்பியது. நான்கு நாள் ஆமையைக் காணோம். ஐந்தாம் நாள், பின்வாசல் வழியாக நிதானமாக வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

"அடி பாவி, ஆமை உள்ள வருதுடி! குடும்பம் வெளங்குமா? தூக்கி வாய்க்கால்ல போடு!" என்று அலறினாள் பக்கத்து வீட்டு ஞானாம்பாள்.

வாய்க்காலில் போட்டால் மஸ்கட்டில் என்ன ஆகும்? உள்ளே விட்டால் இங்கே என்ன ஆகும்? அதைத் தூக்கி அண்டாவில் போட்டு, வாசலுக்கு ஒரு சாண் வெளியே வைத்தாள். அதுவும் வீட்டுக் கணக்கில் சேருமோ என்று பயந்து இன்னொரு சாண் தள்ளினாள்.

ஞாயிறு பூசை முடிந்து டெலிபோன் பூத்தில் லூர்துராஜின் அழைப்புக்குக் காத்திருந்தாள். மணி அடித்தது.

"ஏங்க, நல்லாயிருக்கீங்களா? அந்த ஆமை புடிச்சப்ப எவ்வளவு பெருசு?"

"எந்த ஆமை?"

"கிணத்துல விட்டீங்களே."

"அட, அதுவா! அது இன்னுமா இருக்கு?" சிரித்தான். குரல் திடமாக இருந்தது, சளிகூட இல்லை.

ஆமையை மறந்தவன் வேறு எதையெல்லாம் மறந்திருப்பான்?

"எப்ப வர்றீங்க?"

"பாப்போம் புள்ள."

வீட்டுக்கு வந்து ஆமையைக் கிணற்றில் விட்டாள். மேலே கம்பிவலை போட்டு, நான்கு மூலையிலும் கல் வைத்தாள். மறுநாள் காலையும் முதலில் அங்கேதான் போனாள். ஆமை தலையை நீட்டி மிதந்தது. அப்படியும் சோறு இறங்கவில்லை.