வடிகாலின் மூடி

கிளப்பில் எல்லோரும் அவரைப் புல்லுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக அந்தக் கால்பந்து மைதானத்தில் புல் வெட்டி, கோடு போட்டு, மழை பெய்தால் தண்ணீரை வடியவைத்து வந்தவர். யாராவது செருப்போடு புல்லில் நடந்துவிட்டால், "மனுஷனுக்கு வலிச்சா கத்துவான், இது கத்துமா?" என்று சண்டைக்கு நிற்பார். சொந்த மகள் கல்யாணத்தன்றுகூட மதியம் மைதானத்துக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையே அந்த அணியின் கேப்டன் என்பதால் பிழைத்தார்.

அந்த ஆட்டப் பருவத்தில் கிளப்பே நாய் படாத பாடு பட்டது. முதலாளி கண்ணை மூடியதும் மகன்கள் இருவரும் முட்டிக்கொண்டார்கள். மூத்தவர் தன் பங்கை ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு விற்றார். இளையவர் வழக்குப் போட்டார். வாசல் கேட்டில் இரண்டு பூட்டுகள் தொங்கின. ஒரு தரப்பு அனுப்பிய பயிற்சியாளரை மறு தரப்பு விரட்டியதில், ஏழு மாதத்தில் மூன்று பேர் வந்து போனார்கள். நல்ல ஆட்டக்காரர்கள் வேறு அணி தேடிக்கொண்டார்கள். திங்கட்கிழமை புல்லை வெட்டு என்று ஒரு கடிதம் வரும், செவ்வாய்க்கிழமை வெட்டாதே என்று இன்னொன்று வரும். புல்லுக்காரர் இரண்டையும் மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, புல்லுக்கு எது தேவையோ அதைச் செய்தார்.

நீதிபதி ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லியிருந்தார். அணி லீக்கில் இப்போதுள்ள பிரிவில் நீடிக்கும்வரை மைதானத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டால் நிறுவனம் கட்டடம் கட்டிக்கொள்ளலாம். தட்டுத்தடுமாறிக் கடைசி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது, டிரா செய்தாலே போதும் என்ற நிலை. ஆனால் கோல்கீப்பரின் கையில் மாவுக்கட்டு. மாற்றாக இருந்தவர் ஒரு தையல்காரர். ஊசியில் நூலை ஒரே தடவையில் கோர்த்துவிடுவார், பந்துதான் கையில் நிற்காது.

ஆட்டத்தன்று விடிந்ததிலிருந்தே மழை கொட்டியது. மாப்பிள்ளை நனைந்துகொண்டே கருவிகள் வைக்கும் கொட்டகைக்கு ஓடி வந்தார்.

"மாமா, இன்னிக்கு மட்டும் வடிகால் மூடியத் திறக்காதீங்க. தண்ணி நின்னா நடுவர் ஆட்டத்தைத் தள்ளி வெச்சுடுவார். வியாழக்கிழமை நம்ம கோல்கீப்பருக்குக் கட்டுப் பிரிக்கறாங்க. ஒரு வாரம் கிடைச்சா தப்பிச்சுக்கலாம்."

"சும்மா உக்காந்திருக்கணும், அவ்வளவுதானே மாப்ள?"

"உங்களுக்கு அதுதானே மாமா பெரிய வேலை!"

"அட, தொட மாட்டேங்கறேன். நம்புங்க."

சொன்னபடி கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தார். குட்டைகள் ஒன்றோடொன்று சேர்வதைப் பார்க்கப் பார்க்க அவர் கை கம்பியைத் தேடிப் போனது. இருந்தாலும் எழுந்திருக்கவில்லை. மைதானம் பிழைக்கவேண்டும் என்றால் ஒரு நாள் மூழ்கித்தான் ஆகவேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மழை விட்ட நேரத்தில் நடுவர் வந்தார். இளவயதுக்காரர். எதிரணி நிர்வாகிகள் இரண்டு பேர் கூடவே வந்தார்கள். நடுவர் பந்தைத் தோள் உயரத்திலிருந்து விட்டார். சளக் என்று விழுந்த பந்து அப்படியே கிடந்தது.

"இது மைதானமா, எருமை குளிக்கிற குட்டையா? இதப் பாத்துக்க ஒரு ஆள்கூடவா கிடையாது?" என்றார் நடுவர்.

நிர்வாகிகள் சிரித்தார்கள். புல்லுக்காரருக்குச் சுருக்கென்றது.

"யார் சார் ஆள் இல்லன்னு சொன்னது? ரெண்டு மணி நேரம் குடுங்க. பந்து உங்க இடுப்பு வரைக்கும் எழும்பும்!"

வாய்விட்டுச் சொன்ன மறுநொடியே என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. பேருக்குக் கொஞ்சம் வடியவிட்டு, முடியவில்லை என்று கையை விரித்துவிடலாம் என்று நினைத்தார். ஆனால் மூடியைத் தூக்கியதும் தண்ணீர் மடமடவென்று இறங்கிய சத்தம் இருக்கிறதே, அதில் எல்லாம் மறந்துபோனது. கம்பியால் தரையைக் குத்திக் குத்தித் துளை போட்டார். சாக்குகளை விரித்து ஈரத்தை எடுத்துப் பிழிந்தார். உடை மாற்றும் அறையின் ஜன்னலில் நின்று மாப்பிள்ளை, "மாமா! மாமா!" என்று தொண்டை வறளக் கத்தியது அவர் காதில் விழவே இல்லை.

இரண்டு மணி நேரம் கழித்து நடுவர் பந்தை விட்டார். சொல்லி வைத்தாற்போல் இடுப்புவரை எழும்பியது.

"அசத்திட்டீங்க!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த ஒரு கணம் புல்லுக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. அப்படிக் குளிர்ந்ததைத்தான் பிறகு அவரால் மன்னிக்கவே முடியவில்லை.

எண்பத்தாறு நிமிடம்வரை கோல் இல்லை. தையல்காரர் உயிரைக் கொடுத்து ஆடினார். அப்புறம் எதிரணி நீளமாக உதைத்த ஒரு பந்து வலது மூலையில் விழுந்தது. எந்த மழைக்கும் முதலில் தண்ணீர் கட்டுகிற மூலை அது. அன்று காலை போல இருந்திருந்தால் பந்து அங்கேயே செத்திருக்கும். காய்ந்த தரையில் ஒழுங்காக உருண்டு எதிரணிக்காரனின் காலுக்கே போனது. அவன் உதைத்தான். தையல்காரரின் விரல் நுனியில் பட்டு உள்ளே விழுந்தது.

அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் மாப்பிள்ளை கோல்கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தார். புல்லுக்காரர் பக்கத்தில் போய் நின்றார்.

"மாப்ள, நாலு வார்த்தை திட்டிடுங்க. வாங்கிக்கறேன்."

மாப்பிள்ளை குனிந்து காலணிக் கயிறுகளை அவிழ்த்தார். பிறகு, "தரை நல்லா இருந்துச்சு மாமா" என்றார். காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு புல்லைக் கடந்து போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

பத்தாம் நாள் காலை இரண்டு பூட்டும் கேட்டில் இல்லை. வெளியே நிறுவனத்தின் பொக்லைன் நின்றிருந்தது. டிரைவர் இறங்கி வந்து பூட்ஸ் காலால் தரையை ஓங்கி மிதித்துப் பார்த்தான்.

"மழை பேஞ்ச இடமாச்சே, வண்டி புதைஞ்சுடுமோன்னு பயந்துட்டே வந்தேன். பரவாயில்லையே, கல்லு மாதிரி இருக்கு! யாருங்க பாத்துக்கறது?"

"நான்தான்" என்றார் புல்லுக்காரர். "ஓரமாப் போங்க தம்பி. நடுவுல மட்டும் ஏத்தாதீங்க."

"நடுவுலதான் பெரியவரே தோண்டணும்."

அவர் வழிவிட்டு ஒதுங்கினார். வண்டி எங்கேயும் சிக்காமல் நடுவட்டம்வரை நேராகப் போனது. புல்லுக்காரர் வாய்விட்டு அழுதார்.