அலுமாரிக்குள் பதினொரு கிண்ணங்கள்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். தகடு கிழிந்தால் அது அழுத்தினவனின் குற்றம் என்று நான் நம்பியிருந்தேன். கிழித்தவனுக்கு வேலை ஒப்பந்தம் நீடிக்கப்படாது என்றும் நம்பினேன். ஐம்பது வயதில், ஜேர்மனியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில், பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நின்று இப்படி நம்பினேன்.

அங்கே என் வேலை இதுதான். வட்டமாக வெட்டிய உலோகத் தகட்டை அச்சின் மேல் வைப்பேன். ஒரு வளையம் ஓரத்தை அமர்த்திப் பிடிக்கும். நடுவில் ஓர் உருளை இறங்கித் தகட்டைக் குழிக்குள் தள்ளும். கிண்ணம் ஒன்று வெளியே வரும். விசித்திரம் என்னவென்றால், நான் தகட்டைத் தொடுவதற்கு முன்பே அந்தக் கிண்ணம் கொம்பியூட்டருக்குள் செய்தாகிவிட்டிருக்கும். கத்ரின் என்ற ஆய்வாளர், என்னிலும் இருபது வயது இளையவர், திரையில் தகட்டை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு இழுபடும் என்று கணக்கிடுவார். மெலிகிற இடம் மஞ்சளாகும். கிழியப்போகிற இடம் சிவப்பாகும். இல்லாத தகடு இல்லாத அச்சில் கிழிவதைப் பார்த்துக்கொண்டு அவர் நிம்மதியாகக் கோப்பி குடிப்பார். நானோ சிவப்பைக் கண்டதும் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

ஓரத்தைப் பிடிக்கும் விசையைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். ஏழாவது படியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். கிண்ணத்தின் அடிவளைவு அரைவட்டமாகக் கிழிந்திருந்தது. கத்ரின் அடுத்த அறையில் இருந்தார். சுற்றுமுற்றும் பார்த்தேன். கிண்ணம் உபகரண அலுமாரியின் அடித்தட்டில், பழந்துணிகளுக்குப் பின்னால் போய் அமர்ந்தது. அடுத்த தகட்டுக்குச் சொன்ன அளவைவிட இரண்டு மடங்கு எண்ணெய் பூசினேன். வழுக்கிக்கொண்டு வந்தது, மாப்பிள்ளை மாதிரி ஒரு கிண்ணம்.

“எல்லாம் சரியா, ஹெர் செல்லத்துரை?”

“எல்லாம் சரி.”

செல்லத்துரை என் பெயரல்ல, அப்பாவின் பெயர். இந்த நாட்டில் ‘ஹெர்’, அதாவது திரு, சேர்த்துக் கடவுச்சீட்டின் கடைசிப் பெயரைச் சொல்லித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அன்று அவர் கூப்பிட்டது சரியான ஆளைத்தான். யாழ்ப்பாணத் தீவுக் கிராமமான கரம்பொன்னைச் சேர்ந்த அப்பா, தெற்கே மாத்தறையில் அலுமினியப் பாத்திரக் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறைக்கு நாங்கள் அங்கே போய் நிற்போம். லொறியில் வந்த சரக்கை இறக்கியதும், நெளிந்த சட்டிகள், வாங்க வரும் முதல் ஆள் படியேறுமுன் சாக்குக்குப் பின்னால் மறைந்துவிட வேண்டும். “டேய், அந்த நெளிஞ்சதை உள்ளுக்கு எடு, ஆள் வருது!” கடை போய் நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆள் வருகிற சத்தம் மட்டும் என் காதில் இன்னும் நிற்கவில்லை.

ஒவ்வொரு கிழிசலுக்குப் பிறகும் அதே இரண்டு மடங்கு எண்ணெய்தான். மூன்று வாரத்தில் அலுமாரிக்குள் பதினொரு கிண்ணங்கள் சேர்ந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை கத்ரின் கோப்பி குடிக்கவில்லை. திரையில் கிழிகிற தகடு அச்சில் ஒருபோதும் கிழியவில்லையே, ஆகவே தன் கணக்கு முறை அடியோடு பிழை என்றார். வெள்ளிக்கிழமை பேராசிரியரிடம் அதைச் சொல்லிவிட்டு, மூன்று வருட ஆய்வைக் கைவிடப் போகிறாராம். அந்தச் சிவப்பு பிழையில்லை என்பது உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும் அலுமாரிக்கும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கழிப்பறைக்குள் ஒளித்திருந்து கரம்பொன்னிலிருக்கும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அக்கா, பதினொரு கிண்ணத்தை ஒளிச்சுப்போட்டன்.”

“நல்லதையோ ஒளிச்சனீ?”

“இல்லை, கிழிஞ்சதை.”

“பிறகென்ன? கிழிஞ்சதை ஆர் ஆளுக்குக் காட்டுவினம்?”

“ஒரு பிள்ளையின்ர மூண்டு வருசப் படிப்பு அதாலை போகப்போகுது அக்கா.”

“அப்ப கொண்டுபோய்க் குடு. கலைச்சாங்களெண்டால் இஞ்ச வா, சோறு இருக்கு. வேலை மட்டும் கேட்டிடாதை.”

புதன்கிழமை காலை பதினொன்றையும் ஒரு தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு போனேன். ஆய்வுகூட நடை முப்பது அடிதான். அதற்குள் நான் வேலை இழந்து, பொலிஸ் ஜீப்பில் ஏறி, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, ஊருக்குப் போகிற ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையும் பிடித்துவிட்டேன்.

கத்ரின் ஒரு கிண்ணத்தை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். சிவப்பு வளைவு இருந்த இடத்திலேயே கிழிசலும் இருந்தது. அடுத்ததை எடுத்தார். அதிலும் அப்படியே. எண்ணெய்க் கதையையும் சொன்னேன்.

“ஏன் மறைத்தீர்கள்?”

“கிழிந்துவிட்டது.”

“எப்போது கிழியும் என்று பார்க்கத்தானே இவ்வளவும் செய்கிறோம்!”

அதை அவர் எனக்கு ஒருபோதும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. கேட்க வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. பிறகு எண்ணெயை நிறுத்துப் பூச ஒரு தராசு வாங்கிவந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வைத்தார். அடுத்த வருடம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. என் ஒப்பந்தம் ஒற்றை வரிக் கடிதத்தில் நீடிக்கப்பட்டது. முதலில் கிழிந்த கிண்ணம் இப்போது வாசலில், வருகிற ஆட்கள் எல்லோரும் பார்க்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதைக் கடந்து போகும்போது நான் இன்றைக்கும் மறுபக்கம் பார்த்துக்கொண்டுதான் போகிறேன்.

போன ஆவணியில் கரம்பொன்னுக்குப் போயிருந்தேன். அக்கா குசினியிலிருந்து இரண்டு கோப்பைகளில் தேத்தண்ணி கொண்டுவந்தார். ஒன்று விளிம்பு உடைந்தது. சின்ன வயதில் உடைந்த கோப்பை எப்போதும் எனக்குத்தான் வரும், நல்லது வருகிற ஆளுக்கு. அக்கா அதைச் சத்தமில்லாமல் தன் பக்கம் எடுத்துக்கொண்டு, பூப்போட்ட புதுக்கோப்பையை என்னிடம் நீட்டினார்.