இரண்டாவது கட்டம்

அம்பத்தூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் ஓய்வு பெறும்வரை இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். வெளியாள் யாராவது பார்வையிட வருகிறார் என்றால் ஒரு வாரம் முன்பே மரத்தடிக்குச் சுண்ணாம்பும் ஓடாத மெஷினுக்குப் பெயின்டும் அடிப்போம். அதை ஏமாற்று வேலை என்று யாரும் சொன்னதில்லை. அதற்குப் பெயர் தயார் நிலை.

பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வலது கை சரியாக மடங்காது, பேச்சு குழறும். வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுக்கும் பெண், "அடுத்த வாரம் ஒரு ஃபாரம் நிரப்பணும் சார், உங்களால என்னென்ன முடியுதுன்னு" என்றாள். அன்றே தயாராக ஆரம்பித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு சட்டைப் பட்டன் போட்டுப் பழகினேன். எல்லாம் முடிகிறது என்று எழுதி வாங்கிவிட்டால் அவள் வருவதும் நின்றுவிடும். அப்புறம் என்னை யாரும் பார்க்க வேண்டியதில்லை. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

ஃபாரம் நிரப்பும் நாளன்று அவள் எதிரில் ஐந்து பட்டனையும் போட்டேன். தம்ளரைத் தூக்கினேன். பால்கனிவரை நடந்து திரும்பினேன். அவள் பூஜ்யமும் ஒன்றுமாகப் போட்டுக்கொண்டே வந்தாள். பதறிப்போனேன். பூஜ்யம் என்றால் சிரமமே இல்லை என்று அர்த்தமாம். இடது கையால் மீசையைத் தடவிக்கொண்டேன்.

ஆனால் பக்கத்தில் இரண்டாவது கட்டம் ஒன்று இருந்தது. முதல் கட்டம், முடியுமா என்பது. இரண்டாவது, தினமும் செய்கிறாரா என்பது. கேள்வி என் மனைவிக்குப் போனது.

"பட்டனா? தெனம் நான்தாம்மா போட்டு உடறேன். இவரு கைய தூக்கிக்கினு நிப்பாரு."

"சர்ச்சுக்குப் போறாரா?"

"எங்க? மூணு மாசமா வாசப்படி தாண்டல. நாலு ஊடு தள்ளிதான் கீது மாதா கோயிலு."

கூடவே இருந்து குழி பறிப்பது என்பார்களே, அது இதுதான்.

"அங்க படி ஏதாவது இருக்கா சார்?"

"இல்ல."

"யாராச்சும் ஏதாவது சொன்னாங்களா?"

"நான் போனாதானே சொல்றதுக்கு."

அவள் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தபடியே காத்திருந்தாள். வெட்கமாக இருக்கிறது என்று கடைசியில் சொன்னேன். ஞாயிறு பூசையில் முதல் வாசகத்தைப் பல வருடம் நான்தான் வாசித்தேன். இப்போது ஆமென் சொன்னாலே வாய் கோணுகிறது. இதற்கெல்லாம் ஃபாரத்தில் இடம் இருக்காது என்று நினைத்தேன். இருந்தது. இரண்டாவது கட்டத்தில் நான்கு போட்டாள். அதற்கு மேல் நம்பர் இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி பட்டன் போட வரவில்லை. முக்காட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். இரண்டாம் மணியும் அடித்துவிட்டது. நானே போட்டேன். குனிந்து பார்த்தால் சட்டை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கியிருந்தது. என் பிரிவில் இப்படி ஒரு பொருள் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அவிழ்த்து மறுபடி போட்டால் பூசை முடிந்துவிடும்.

அப்படியே இறங்கி நடந்தேன்.