நிஸாமின் பெயர் நிற்காத நாலு நாட்கள்

கார்த்திகை பத்து, காலை ஆறு மணி இருபது நிமிடம், தூறல். மகள் அனுப்பிய புதுக் கைபேசியைத் திறந்து இரண்டு நிமிடமாகவில்லை. பழையதில் கிடந்த இருநூற்றுப் பதினான்கு பெயர்களும் தாமாகவே வந்து வரிசையில் நின்றுவிட்டன. எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் தவறவில்லை. செத்துப்போனவர்கள்கூட வந்திருந்தார்கள். நடுவில் ஓரிடத்தில் நிஸாம்.

இந்த வேலைக்குத்தான் எனக்கு ஒருகாலத்தில் சம்பளம் தந்தார்கள் என்றால் மகள் சிரிப்பாள். ஓரிடத்திலுள்ள பெயர்களை இன்னோரிடத்திலும் பிசகாமல் வைத்திருப்பது.

யுத்தத்தை நிறுத்திச் சமாதானம் பேசிய அந்த வருடங்களில் எங்கள் கடன் சங்கத்தின் தலைமைக் கந்தோர் கொக்குவிலில் இருந்தது, கிளை யாழ்ப்பாணப் பட்டணத்தில். இரண்டிலும் மற்றக் கணினிகளுக்குத் தலைமையாக ஒவ்வொரு சேர்வர். ஊழியர் பட்டியல் அதற்குள் இருக்கும். காலையில் வந்து பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்தால், அது பட்டியலைப் பார்த்து, எங்கள் ஆள்தான் என்று கண்டால் கணினியைத் திறந்துவிடும். கொக்குவில் சேர்வருக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் ஜெனரேற்றர். இப்போதும் மண்ணெண்ணெய் மணந்தால் எதையோ பூட்டாமல் வந்துவிட்டேன் என்று சாவியைத் தடவிப் பார்ப்பேன்.

இரவில் தொலைபேசிக் கம்பி வழியாக இரண்டு சேர்வர்களும் பட்டியலை ஒப்பிடும். எந்தப் பட்டியல் பிந்தி மூடப்பட்டதோ அதுதான் புதியது. அது மற்றதை அழித்து, அதன்மேல் அப்படியே படிந்துவிடும். கொக்குவில் நாலே முக்காலுக்கு மூடும், பட்டணம் ஐந்துக்கு. ஆகவே புதுப் பெயர்களைப் பட்டணத்தில்தான் பதியவேண்டும் என்று சட்டம் வைத்திருந்தேன். அந்த ஏற்பாட்டில் எனக்குப் பெரிய பெருமை. கேட்காதவர்களுக்கும் விளக்குவேன்.

நிஸாம் தொண்ணூறாம் ஆண்டுவரை அதே பட்டணக் கிளையில் வேலை செய்தவர். அந்த வருடம் இயக்கக்காரர் முஸ்லிம் சனங்களை இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது புத்தளம் போனார். மூடிக் கிடந்த பாதை திறந்தபிறகு தனியாகத் திரும்பிவந்து, கிளையில் மறுபடி சேர்ந்தார். பள்ளிவாசலுக்குப் பின்னால் இரண்டு அறை எடுத்து, கூரைக்குத் தகரம் போட்டுக்கொண்டிருந்தார்.

"வேலை நிலைச்சால் தையிலை மனிசியையும் மூண்டு பிள்ளையளையும் கூட்டி வந்திடுவன், அண்ணை. பள்ளிக்கூடத்துக்கும் கதைச்சிட்டன்" என்றார்.

முதல்நாள் பெயரைப் பதிந்தேன். நாள் முழுவதும் வேலை செய்தார். அடுத்த நாள் காலை கணினி அவரை அறியேன் என்றது. திரும்பவும் பதிந்தேன். மூன்றாம் நாளும் அதே கதை.

"நீர் பிழையா அடிக்கிறீர் போலை" என்றேன், எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக.

"உவருக்கு விரல் இன்னும் புத்தளத்திலையெல்லோ நிக்குது!" என்றார் காசாளர் பரமேஸ். கந்தோர் சிரித்தது. நானும் சிரித்தேன்.

நாலாம் நாள் நிஸாம் கதிரையில் இருக்கவே இல்லை. பையைத் தோளில் வைத்தபடி நின்றார்.

"இண்டைக்கும் நான் இல்லையோ, அண்ணை?"

"கொஞ்சம் பொறும், பாப்பம்."

"அப்பவாவது இரண்டு மணித்தியாலம் தந்தவை. உங்கடை மெசின் ராவோடை ராவா அனுப்பிப்போடுது."

ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த நேரம்பார்த்து ஒரு வாடிக்கையாளர் என்னிடம் நேரம் கேட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்து "ஒம்பதரை" என்றேன்.

"பழைய நேரமோ, புது நேரமோ?"

அந்தக் காலத்தில் எல்லாரும் கேட்கும் கேள்விதான். அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னே தள்ளியிருந்தது. கோயிலும் பஞ்சாங்கமும் பழைய நேரத்திலேயே நின்றன. பிடிவாதத்தில் என் கைக்கடிகாரமும் நின்றது. கொக்குவில் சேர்வருக்குப் புது நேரம் காட்டிய சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நேரம் வைத்தேன். பட்டணத்துச் சேர்வரைச் சுபநேரம் பார்த்து, கற்பூரம் காட்டி, என் கைக்கடிகாரப்படி தொடக்கினேன். எனவே பட்டணம் ஐந்துக்கு மூடும்போது அதன் கணக்கில் நாலரை. கொக்குவிலின் நாலே முக்கால்தான் பிந்தியது. நிஸாமின் பெயரில்லாத பட்டியல் ஒவ்வோர் இரவும் வந்து மேலே படிந்திருக்கிறது. எட்டு மாதமாகப் புது ஆள் எவரும் சேராததால் ஒருவருக்கும் தெரியவில்லை.

பட்டணத்துச் சேர்வரின் நேரத்தைத் திருத்த இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை.

பிழை அவருடையது என்று சொன்னது எல்லாருக்கும் முன்னால். என்னுடையது என்று சொன்னது சைக்கிள் விடுகிற கொட்டிலில், வேறு ஆளில்லாதபோது.

"மணிக்கூடுதானே அண்ணை, பரவாயில்லை" என்றார் நிஸாம். "ஆனா நேற்று வீட்டுக்கு ரெலிபோன் எடுத்து, இஞ்சை வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். ஒவ்வொரு நாளும் விடிய, நாங்கள் இருக்கிறமோ எண்டு பாத்துப் பாத்துப் பிள்ளையள் வளரேலாது."

"இனி நிக்கும், நிஸாம். நான் பொறுப்பு."

"ஓம் அண்ணை" என்றார். நம்பாத ஆளின் மரியாதையான 'ஓம்'.

மாதம் முடியப் போய்விட்டார். போகமுன் தன் தொலைபேசி எண்ணை எழுதித் தந்தார்: "அலுவலெண்டால் எடுங்கோ." அதற்குப் பிறகு அவர் பெயர் இரண்டு சேர்வரிலும் அசையாமல் நின்றது. விலகியவர்களின் பெயரை நீக்குவது என் வேலை. இதை மட்டும் நீக்கவில்லை. சேர்வர்கள் பழைய இரும்புக்குப் போகும்வரை அவர் எங்கள் ஆள்தான்.

சங்கம் இப்போது இல்லை. கொக்குவில் கந்தோர் புடவைக் கடையாகிவிட்டது. அரசாங்கம் மணிக்கூட்டைத் திரும்பப் பின்னுக்கு வைத்ததோடு புது நேரமும் ஒழிந்தது. பழைய நேரமோ புது நேரமோ என்று கேட்க இப்போது ஆளில்லை. அந்த எண் ஆறாவது கைபேசிக்கு வந்திருக்கிறது. ஒருமுறையும் எடுத்ததில்லை. எடுத்தால் என்ன அலுவல் என்று சொல்வேன்?

பிசகியது அரை மணித்தியாலம். அதனால் இந்த ஊருக்கு இல்லாமல் போனது அவர், மனைவி, மூன்று பிள்ளைகள்: ஐந்து பேர்.