பலகைக்கு நான் வைத்த பெயர்

அந்தச் சொல்லை அங்கே கொண்டுபோய் வைத்தவள் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எம்.ஏ. இலக்கியம் இரண்டாம் ஆண்டில், வாரத்தில் மூன்று பிற்பகல்கள், மலையாளம் பேசும் ஊரான கழக்கூட்டத்தில் ஒரு சிறிய நிறுவனத்துக்குப் போய்வந்தேன். தொழிற்சாலைக் கணினிகளுக்கான சர்க்யூட் போர்டுகளை அங்கே செய்தார்கள். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் இருந்ததால், ஆங்கிலக் கையேட்டைத் தமிழில் எழுதுவது என் வேலை. போர்டுகள் இரண்டிரண்டாக இயங்கும். ஒன்று ஆணையிடும்; மற்றது அதன்படி நடக்கும். ஆங்கிலத்தில் மாஸ்டர், ஸ்லேவ். நான் ‘எஜமான் பலகை’, ‘அடிமைப் பலகை’ என்று எழுதினேன். மூலத்திலிருந்து ஓர் இழை விலகாத மொழிபெயர்ப்பு என்று எனக்குத் திருப்தியாகவும் இருந்தது.

சோதனை அறையின் விதி எனக்கு அப்போது தெரியாது. இணைப்பு மாறி ஒருமுறை போர்டு எரிந்துபோனதிலிருந்து, அறையின் இரு முனைகளிலும் நிற்பவர்கள் தங்கள் போர்டின் பெயரைக் கையேட்டில் உள்ளபடியே உரக்கச் சொன்ன பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். அதுவரை ‘மாஸ்டர் ரெடி’, ‘ஸ்லேவ் ரெடி’ என்று பேருந்து நிறுத்தங்களின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தமிழ்க் கையேடு வந்ததும் என் சொற்கள் அவர்கள் வாய்க்குப் போயின.

அடிமைப் பலகை இருக்கும் இரண்டாவது மேசை எப்போதும் கடைசியாகச் சேர்ந்தவருக்கு. அந்த வருடம் அது மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்த ஒரு டெக்னீஷியன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“இத நீயா எழுதின, பிள்ளே?”

“ஆமாக்கா.”

“கம்பெனி வண்டியில ஏறுதப்பவே, ‘அடிமை வந்தாச்சு, எடம் விடுங்கடே’ங்கானுவ. அதுல ரெண்டு பேரு எங்க ஊருக்காரனுவ. ஊருலயும் போய்ச் சொல்லுவானுவ.”

“அது போர்டோட பேருதானேக்கா?”

“போர்டுக்குக் காது இல்லல்லா. எங்க அப்பாக்க தாத்தாவ அப்பிடித்தான் விளிச்சாவ. இத மாத்தலேன்னா மாசக் கடைசியில நான் நின்னுருவேன்.”

மூலத்தில் அப்படித்தான் இருக்கிறது, திருத்தும் உரிமை மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை என்று சொன்னேன். பதிலில் பிழையில்லை. அவர் பாதிச் சோற்றை அப்படியே வைத்து டப்பாவை மூடியதையும் கவனித்தேன்.

அடுத்த வாரம் ‘முதன்மைப் பலகை’, ‘துணைப் பலகை’ என்று ஒரு தாளில் எழுதி, கையேட்டுக்குப் பொறுப்பான இன்ஜினியரிடம் கொடுத்தேன். அவர் கரமனையில் பிறந்து வளர்ந்த, மலையாளம் கலந்து பேசும் தமிழர்.

“துணைன்னா கூட நிக்கறது. இது அப்படியா? கேட்டா மட்டும் பதில் சொல்லும், இல்லேன்னா வாயத் தொறக்காது, மிண்டாது. லிட்டரேச்சர்காரி நீயே சொல்லு, கரெக்டா?”

கரெக்டில்லை. ஒப்புக்கொண்டேன்.

“வெளிநாட்டுக் கம்பெனிகளே மாத்திட்டு வராங்க சார்.”

“அவா மாத்தட்டும். நமக்கு இது வெறும் டெக்னிக்கல் வாக்கு. இதுல ராஷ்ட்ரீயம், பாலிடிக்ஸ் ஒண்ணும் வேண்டா, கேட்டியா?”

தாள் என்னிடமே திரும்பி வந்தது. மாதம் முடிய ஒன்பது நாட்கள் இருந்தன.

அந்த வெள்ளிக்கிழமை முதல் மேசைக்காரர் விடுப்பு. அக்கா அந்த இடத்துக்குப் போனார். சரக்கு மாலைக்குள் கிளம்பியாக வேண்டும் என்பதால், இரண்டாவது மேசையில் இன்ஜினியரே நின்றார். நான் சுவரோரம் கையேட்டுப் பக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

“எஜமான் ரெடி,” என்றார் அக்கா.

“ரெடி,” என்றார் இன்ஜினியர், பெயரை விட்டுவிட்டு.

அக்காவின் விரல் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றது. “மேனுவல்ல உள்ளதச் சொல்லணும் சார்.”

“ஸ்லேவ் ரெடி. போடு.”

“இது தமிழ் மேனுவல் சார்.”

பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஒருவர் சிரித்தார். “சாரே, ஒந்நு பறஞ்ஞேக்கு!” என்று, ஒருமுறை சொல்லிவிடும்படி மலையாளத்தில் தூண்டினார்.

இன்ஜினியர் கேபிளைப் பிடுங்கி, பார்த்து, மறுபடி செருகினார். அதற்கு அவசியம் இருக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பதில் பலகைன்னு போடேன். அது செய்யறது அதுதானே?”

“அப்போ முதல் போர்டு?”

“கேள்விப் பலகை.”

துணையைவிட அது துல்லியமாகவே இருந்தது. அந்தப் பக்கத்தில் பென்சிலால் திருத்தினேன், அவர் கையெழுத்திட்டார்.

“கேள்வி ரெடி,” என்றார் அக்கா.

“பதில் ரெடி.”

பச்சை விளக்கு எரிந்தது.

திருத்தப் பதிவேட்டில் காரணத்துக்கான கட்டத்தில், ‘அழைப்பில் தெளிவுக்காக’ என்று எழுதினார். நான் மறுக்கவில்லை. என் முதல் தேர்வைப் பற்றி அதில் எதுவும் இல்லை, நானும் எழுதவில்லை.

மாதம் முடிந்தும் அக்கா வந்துகொண்டிருந்தார், அதே இரண்டாவது மேசைக்கு. வண்டியில் இப்போது என்ன சொல்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“‘பதிலு வந்தாச்சா’ன்னு கேக்கானுவ.”

“நீங்க?”

“மிண்ட மாட்டேன்,” என்று டப்பாவைத் திறந்தார்.