இப்ப வைங்க சார்

ஓசூர் தொழிற்பேட்டையில் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷின் ஓட்டும் அந்த அம்மாவை ஒரு நாள்தான் பார்த்தேன். என்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

ஒல்லியான உருவம், கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார். கையால் தகட்டை உள்ளே வைப்பார், கதவைச் சாத்துவார், பட்டனைத் தொடுமுன், "கதவு மூடியிருக்குது, கை வெளிய இருக்குது" என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்வார்.

அன்று கதவு திறந்திருந்தபோதே மெஷின் ஓடிவிட்டது; நல்லவேளை, அவர் கை வெளியே இருந்தது. அதற்குப் புரோகிராம் எழுதியவன் நான். "என் புரோகிராம் சரியாத்தான் இருக்கு, நீங்கதான் ஏதோ தப்பா அழுத்திட்டீங்க" என்று கத்தினேன்.

"படிச்சுக் காட்டுங்க சார்."

லேப்டாப்பைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். "கதவு திறக்கலைங்கிறது பொய் இல்லைன்னா, இல்லாட்டி, கை உள்ள இல்லைங்கிறது பொய் இல்லைன்னா..." எனக்கே புரியவில்லை. புகார் வந்தபோதெல்லாம் அவசரத்தில் ஒட்டுப்போட்ட வரி அது.

"நான் தினமும் சொல்றதை அப்படியே எழுத உங்களுக்கு என்ன கேடு?" என்றார்.

அவர் சொல்வதையே இரண்டு வரிகளாக எழுதி மெஷினில் ஏற்றினேன். அவர் கதவைத் திறந்தார்.

"இப்ப வைங்க சார், உங்க கையை."

என் கை பேன்ட் பாக்கெட்டை விட்டு வரவில்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தகட்டை எடுத்து, தன் கையை உள்ளே நீட்டினார்.